வளை பெருகிற்று

ஏ.எஸ். ராவ் நகர்
9 ஜூன் 2024

சௌபாக்கியவதி கல்பகத்துக்கு,

சௌபாக்கியவதி என்று எழுதுவதா வேண்டாமா என்று அரைமணி யோசித்தேன். தாலி இன்னும் உன் கழுத்தில்தான் இருக்கிறது என்று கீழ்வீட்டு ராஜி சொன்னாள். மல்காஜ்கிரி மார்க்கெட்டில் உன்னைப் பார்த்தாளாம். அதனால் எழுதிவிட்டேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதாசி எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். என் நம்பரை பிளாக் பண்ணினவள் நீதான். பண்ணாவிட்டாலும் என் போனை ஸ்ரீனிவாஸ் தினம் ராத்திரி எடுத்துப் பார்க்கிறான். பதில் எழுதினால் ராஜி விலாசத்துக்கு எழுது.

நீ என் பிள்ளையை விட்டு உன் அப்பா வீட்டுக்குப் போய் முப்பத்திரண்டு நாள் ஆகிறது. மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இட்லி மாவை வெளியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஆயிற்று. நான்தான் துடைத்தேன். போகட்டும், கோபத்தில் கிளம்புகிறவள் மாவையா நினைப்பாள்.

நேற்று கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது, கூடவே உன் புகாரின் நகல். தெலுங்கு எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. ஸ்ரீனிவாஸ் ஆபீஸ் போனதும் ராஜியிடம் கொடுத்தேன். வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். என்ன என்றேன். "அவர் என் வாழ்க்கையை நாசம் பண்ணிட்டார்னு எழுதியிருக்கு அக்கா" என்றாள்.

நாசம். ஐந்து வருஷம் என் வீட்டில் சாப்பிட்ட பெண் எழுதுகிற வார்த்தையா இது? விளக்கை அணை என்றுகூட நான் சொல்லி நீ கேட்டிருக்க மாட்டாய். குளிர வை என்பேன். அரிசி தீர்ந்துபோனால் நிறைந்திருக்கிறது என்போம். நாசம், பாழ், கேடு என்பதெல்லாம் நான் கல்யாணமாகி மாயவரத்திலிருந்து ரயிலேறியபோது மூட்டையில் கட்டி வராத சாமான்கள். இங்கே தெருவில் எல்லாரும் நாசனம் நாசனம் என்கிறார்கள்தான். அது தெருவோடு இருக்கட்டும்.

சண்டை இல்லாத வீடு ஏது? கேஸ் நடக்கிறபடி நடக்கட்டும், அதைத் தடுக்க நான் யார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடு. என் பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் அது நிற்க வேண்டாம்.

உன் நன்மையைத்தான் நினைக்கிறேன், நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

அபயாம்பாள்


மல்காஜ்கிரி
16 ஜூன் 2024

அத்தைக்கு,

மாவைத் துடைத்ததற்கு நன்றி. அன்றைக்கு மேடையில் மாவு மட்டும் இல்லை. இன்னொன்றையும் துடைத்திருப்பீர்கள், அதை எழுதவில்லை.

நீங்கள் எடுக்கச் சொல்லும் வார்த்தையைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டேஷனில் எழுதிக்கொண்ட பெண் போலீஸ், என்னம்மா பண்ணினான், சுருக்கமாகச் சொல் என்றாள். உங்கள் வீட்டுத் தமிழில் சுருக்கமாகச் சொல்ல எதுவுமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மழையில் ரோடு பாழாய்ப் போனால் ஆட்டோக்காரர் பர்பாத் என்கிறார். காய்கறிக்காரம்மா வாடிய கீரையைப் பார்த்து நாசனம் என்கிறாள். கீரைக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைக்கக் கூடாதா? அந்த வார்த்தை இருக்கும். எடுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் உடைந்தால் உடைந்தது என்போம். அப்பா நாற்பது வருஷம் ரயில்வேயில் கார்டு. வண்டி தடம்புரண்டால் தடம்புரண்டது என்றுதானே எழுத வேண்டும். உங்கள் பாஷையை உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். லாக்டவுன் சமயம், அவர் மீட்டிங்கில் இருக்கும்போது குக்கர் விசில் அடித்துவிட்டது. அறைக்கதவைத் திறந்து வந்தவர் என் இரண்டு மணிக்கட்டையும் ஒரு கையால் பிடித்து கிரானைட் விளிம்பில் அடித்தார். பச்சை வளை. உங்களிடம் வந்து, வளை ஒடைஞ்சிடுச்சு அத்தை என்றேன். நீங்கள் என் கையைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தீர்கள். "ஒடைஞ்சுதுன்னு சொல்லாதே. வளை பெருகிடுச்சுன்னு சொல்லணும்." பிறகு மஞ்சள் பொடி எடுத்துக் கொடுத்தீர்கள். துண்டுகளைக் குப்பையில் போடக்கூடாது, துளசித் தொட்டியில் புதை என்றீர்கள். புதைத்தேன்.

அதற்குப் பிறகு ஆறு தடவை உங்கள் பாஷையிலேயே சொன்னேன். நீங்கள் மாயவரம் போயிருந்தபோது வாட்ஸப்பில்கூட அனுப்பினேன். 'வளை பெருகிடுச்சு அத்தை.' நீங்கள் கும்பிடுகிற கை ஒன்று அனுப்பினீர்கள்.

என் வக்கீல் சுப்ரியா தெலுங்குப் பெண், நல்லவள். இந்த மெசேஜ் மட்டும் போதாது என்கிறாள். உங்கள் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம், ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று அந்த வீட்டிலிருந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மூன்று பேர்தான். ஒருவர் அடித்தவர், ஒருத்தி அடிபட்டவள். ஜூலை 22 திங்கட்கிழமை விசாரணை. ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

கல்பகம்


ஏ.எஸ். ராவ் நகர்
25 ஜூன் 2024

கல்பகத்துக்கு,

பெற்ற பிள்ளைக்கு எதிராக எழுதிக் கொடு என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாய். எனக்கு அறுபத்தேழு வயது. கண் ஆபரேஷனுக்கு என்னைக் கூட்டிப்போய், பதினைந்து நாள் மணி பார்த்துச் சொட்டுமருந்து விட்டவன் அவன். நாளைக்குக் கொள்ளி வைக்கப்போகிறவன். உனக்கு மல்காஜ்கிரியில் அப்பா இருக்கிறார். நான் எங்கே போவேன்?

எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல் எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன தெரியும்? கண்ணாடி வளை என்றால் மாவு பிசையும்போது போகும், துணி பிழியும்போது போகும். ஒவ்வொரு தடவையும் நான் பார்த்துக்கொண்டா இருந்தேன்? ஒரு தடவை, அந்த தீபாவளிக்கு முந்தின நாள், கூடத்தில் இருந்தேன். அதுவும் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் காதில் விழவில்லை.

இந்தப் பேச்சை வெறும் பாசாங்கு என்று நினைக்கிறாய். பாசாங்கு இல்லை, பயம். ததாஸ்து தேவதைகள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருப்பார்கள், நாம் எதைச் சொன்னாலும் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்று என் மாமியார் சொல்வாள். அவளுக்கு அவள் மாமியார். நாசம் என்று சொன்னால் நாசமே வந்து நிற்கும். அதனால்தான் கெட்டதையும் நல்ல பேர் வைத்துக் கூப்பிட்டோம். அப்படிக் கூப்பிட்டே நாலு தலைமுறை குடித்தனம் பண்ணியிருக்கிறோம்.

நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். இதற்குமேல் என்னைக் கேட்காதே.

துளசிக்கு ஒரு வாரமாக உடம்பு சரியில்லை. நீ அதற்கு என்ன உரம் போடுவாய் என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுது.

அபயாம்பாள்


மல்காஜ்கிரி
4 ஜூலை 2024

அத்தைக்கு,

நான் உரம் எதுவும் போட்டதில்லை. துளசி அடியில் போட்டது ஒன்றே ஒன்றுதான்.

உங்கள் தேவதைகளைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். ஆறு தடவை பெருகிற்று பெருகிற்று என்று சொன்னேனே, அதற்கும் ததாஸ்து சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. பெருகிக்கொண்டேதான் போனது.

மிக்ஸி ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மிக்ஸியில் என்ன அரைத்தீர்கள் என்று கேட்கமாட்டேன். நான்தான் அதைக் கழுவி வைத்தேன். கழுவ அதில் எதுவும் இல்லை.

இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். உங்கள் மகன் கோர்ட்டில் கொடுத்த பதிலோடு கூட வந்தது. இங்கிலீஷில் இருக்கிறது, ராஜி அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சாரம் இதுதான்: மருமகளுக்கு முன்கோபம் அதிகம், கோபம் வந்தால் தன் வளைகளைத் தானே சுவரில் மோதி உடைத்துக்கொண்டு கையைக் கீறிக்கொள்வாள், என் மகன் தடுக்கத்தான் ஓடிவருவான், இதை நான் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்வது யார் தெரியுமா? நீங்கள். கீழே தமிழில் 'பா. அபயாம்பாள்' என்று உங்கள் கையெழுத்து இருக்கிறது. அந்த 'ழு' மாதிரி போடுகிற 'யா' உங்களுடையதுதான், சந்தேகமே இல்லை.

எனக்காக எழுத மாட்டேன் என்றீர்கள். சரி, பெற்ற பாசம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, துளசிக்கு என்ன உரம் என்று என்னிடமே கேட்கிறீர்களே. அதைப் படித்துவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டார். "நக்கோ மா, வேண்டாம், இனிமே அந்த வீட்டுக்கு ஒரு வரிகூட எழுதாதே" என்றார். இதுதான் கடைசி.

கல்பகம்


ஏ.எஸ். ராவ் நகர்
11 ஜூலை 2024

கல்பகத்துக்கு,

நீ படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி என்றுதான் எழுதுகிறேன்.

கையெழுத்து என்னுடையதுதான். ஜூன் மாதம் ஒருநாள் ஸ்ரீனிவாஸ் அந்தத் தாளை நீட்டினான். நான் நல்ல பிள்ளை என்று எழுதியிருக்கிறது, போடு அம்மா என்றான். பிள்ளையை நல்லவன் என்று சொல்ல எந்தத் தாய்க்குக் கை நடுங்கும்? போட்டேன். ராஜி படித்துச் சொன்ன பிறகுதான் எதில் போட்டேன் என்று தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு உனக்குக் கடிதம் வேறு எழுதியிருக்கிறேன், உரம் கேட்டு. உன் அப்பா சொன்னது சரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்குச் சாதம் போட்டுவிட்டுக் கேட்டேன். கல்பகம் தானாக வளையை உடைத்துக்கொண்டதாக நான் எப்போதடா சொன்னேன் என்றேன். தட்டிலிருந்து நிமிராமலே சிரித்தான். "நம்ம வீட்டுல யாரும்மா வளையை ஒடைச்சா? பெருகிடுச்சுன்னுதானே நீயே சொல்லுவே" என்றான். மோர் கேட்டான். ஊற்றினேன். என் கை ஊற்றிவிட்டது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் துளசியைப் பார்த்தேன். செத்துப்போயிருந்தது. ஆமாம், செத்துப்போயிருந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். தொட்டியைக் கவிழ்த்தேன். மண்ணைவிடக் கண்ணாடிதான் அதிகம். வேர் போக இடமே இல்லை. அத்தனையையும் பொறுக்கிக் கழுவி, துணியில் முடிந்து, தனிப் பார்சலாக அனுப்புகிறேன். விரலில் இரண்டு இடத்தில் கிழித்தது. மஞ்சள் வைக்கவில்லை.

இதோடு ஒரு பக்கம் இருக்கிறது. நீ கேட்டது. ராஜி நோட்டரியிடம் கூட்டிப்போனாள். அங்கே தெலுங்கில் எழுதுவார்களாம், முதலில் நீங்கள் தமிழில் எழுதுங்கள் என்றார்கள். அதனால் உனக்கும் ஒரு பிரதி. நான் எழுதியது இவ்வளவுதான்:

'தீபாவளிக்கு முந்தின நாள் நான் கூடத்தில் நின்று பார்த்தேன். ஸ்ரீனிவாஸ் கல்பகத்தின் இரண்டு கையையும் பிடித்து மேடையில் அடித்தான். மூன்று தடவை. நான் மிக்ஸியில் எதுவும் போடாமல் ஓட்டினேன், அக்கம்பக்கத்தில் கேட்கக்கூடாது என்று. மற்ற தடவைகளில் பார்க்கவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் தெரியும். வளை பெருகிற்று என்று சொல்லும்படி அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். பெருகவில்லை. உடைந்தது. உடைத்தவன் என் மகன். முன்னால் நான் போட்ட கையெழுத்து தெரியாமல் போட்டது.'

இது அவன் கைக்குப் போகிற அன்றைக்கு நான் இந்த வீட்டில் இருக்க முடியாது. ராஜி தன் தையல் மிஷின் அறையை ஒழித்துத் தருகிறேன் என்கிறாள். ஒரு மாடி கீழே இறங்க எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அபயாம்பாள்


மல்காஜ்கிரி
17 ஜூலை 2024

அத்தைக்கு,

எழுதமாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். நன்றி சொல்வதற்காக இல்லை. நீங்கள் எழுதிய பக்கத்தை நாலு தடவை படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் ஏறியது. இந்த ஐந்து வரியை நான்கு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பிள்ளையைப் பார்த்து வாயால் சொல்லியிருந்தால் கோர்ட்டே வேண்டியிருந்திருக்காது. இப்போது வலது கையால் எனக்கு ஜாடி மூடி திறக்க வராது. உங்கள் ஒரு பக்கம் அதைத் திறந்து தராது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் உங்கள் வீட்டுப் பாஷையாகிவிடும். மன்னிக்கவில்லை.

பார்சல் வந்தது. சுப்ரியா தன் ஆபீஸ் மேஜையில் நியூஸ்பேப்பர் விரித்துத் துண்டுகளைக் கலர் கலராகப் பிரித்தாள். பச்சை, நீலம், தங்கப்பொடி தூவிய ஆரஞ்சு. எல்லாம் என்னுடையவை. எது எந்தத் தடவை என்று கேட்டாள், சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு குவியல் மிஞ்சியது. அரக்குக் கலர். கனத்த கண்ணாடி, இப்போது கடையில் கிடைக்காத மாதிரி. மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அந்தக் குவியல் பெரிசு. நான் அரக்கு வளை போட்டதே இல்லை அத்தை. இவை யாருடையவை என்று சுப்ரியா கேட்டாள். தெரியாது என்றேன். கேஸைக் குழப்பும், ஒதுக்கி வைத்துவிடுகிறேன் என்றாள். பிறகு நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்தத் தொட்டி நீங்கள் முன்பு குடியிருந்த குஷாய்குடா வீட்டிலிருந்தே வருகிறது என்று ஒருதரம் சொன்னீர்கள். கோர்ட்டுக்காகக் கேட்கவில்லை. நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

கல்பகம்


கீழ்வீடு, ராஜி மூலம்
19 ஜூலை 2024

கல்பகத்துக்கு,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது என்று ராஜியே கொண்டுவருகிறாள்.

அரக்கு வளை என்னுடையது. உடைத்தவர் படமாகக் கூடத்தில் மாட்டியிருக்கிறார், நீ தினமும் மல்லிகைச் சரம் போட்ட படம். உன் மாமனார் பாலச்சந்திரன். ஃபேக்டரியில் அவரைப்போல் சாது இல்லை என்பார்கள். குஷாய்குடாவில் இருந்த வருஷங்களில் எத்தனை தடவை என்று எண்ணவில்லை, நீ எண்ணியிருக்கிறாய். ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். ஸ்ரீனிவாஸுக்கு ஆறு வயது. வீட்டுப்பாட நோட்டோடு சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். அழுதுகொண்டே, அப்பா ஏன் உன்னை அடிச்சார் என்று கேட்டான். கேட்டான், கல்பகம். அவன் அப்போது சரியான வார்த்தையைத்தான் சொன்னான். நான் அவன் வாயைப் பொத்தி, அப்பா ஒன்றும் பண்ணவில்லை, வளை பெருகிற்று என்று சொல்லிக்கொடுத்தேன். துண்டுகளை அவனைக்கொண்டே தொட்டியில் போடவைத்தேன்.

அவர் போன பத்தாம் நாள் உறவுப் பெண்கள் என் கையில் புது வளையை அடுக்கிவிட்டு, அம்மியில் தட்டி உடைத்தார்கள். அத்தனை பேர் பார்க்க, அழ, என் வளை உடைந்தது அது ஒரு தடவைதான். அதற்கு மட்டும் யாரும் பெருகிற்று என்று சொல்லவில்லை.

நாசம் என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னேனே, எடுக்காதே. கோர்ட்டில் என்னை என்ன கேட்டாலும் உன் விஷயத்தில் அதைத்தான் சொல்வேன். எனக்குள் அதற்கு இன்னொரு இடமும் இருக்கிறது. உன்னை நாசம் பண்ணியவன் என் பிள்ளை. அந்த ஆறு வயதுப் பிள்ளையை நாசம் பண்ணியவள் நான்.

திங்கட்கிழமை பத்தரைக்கு கோர்ட் வாசலில் இருப்பேன். நீ என் பக்கத்தில் உட்கார வேண்டாம். அந்த அரக்குத் துண்டுகளை மட்டும் எடுத்துவா. எங்கும் புதைக்காதே.

அபயாம்பாள்